விளம்பரத்தில் கேட்ட வயலின்

என் கணவர் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறார். சோப்பு, டைல்ஸ், தலைவலி மாத்திரை என்று எதற்கு வேண்டுமானாலும் வாசகம் எழுதுவார். அக்காவின் இசைப்பள்ளிக்கும் எழுதித் தருகிறேன் என்று அவர் ஆரம்பித்தபோதே வேண்டாம் என்றேன். ஆனால் அக்காவுக்கு வேறு வழி இல்லை. பள்ளியில் பாதி அறைகளில் ஆளே கிடையாது. எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்த பள்ளி 'ஆறே மாதத்தில் மேடை' என்று பலகை வைத்திருந்தது. இந்தப் பருவத்தில் ஆள் சேராவிட்டால் பள்ளி நடக்கும் மாடியைக் காலி செய்துவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போய்விடுவதாக அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது.

"உங்க பள்ளியோட கொள்கைன்னு மூணு சொல்லுங்கக்கா" என்றார் இவர், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு.

"ஒழுங்கா வாசிக்கணும்."

"அது மிரட்டல். கொள்கை வேணும். மத்த பள்ளியில இல்லாதது இங்க என்ன இருக்கு?"

அக்கா யோசித்தாள். "தப்பா வாசிச்சா, அதே தப்பைத் தெரிஞ்சே திரும்ப வாசிக்கச் சொல்வேன். அப்பதான் எந்த விரல் ஏமாத்துதுன்னு பிடிபடும்."

"தப்புங்கிற வார்த்தையே விளம்பரத்துல வரக் கூடாதுக்கா" என்றவர், மளமளவென்று தட்டினார். உண்மை, பொறுமை, மகிழ்ச்சி.

"மாத்திரைக்கும் இதைத்தானே எழுதுனீங்க?" என்று கேட்டேன். காதில் விழாதவர் போலத் தட்டிக்கொண்டே இருந்தார்.

விளம்பர வீடியோவுக்கு அவர் பிடித்தது டிரைவர் அண்ணனை. பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்ததும் சீருடையோடு வந்து அக்காவிடம் வயலின் கற்றுக்கொள்வார். வாசிப்பு என்னவோ எண்ணெய் போடாத கதவு மாதிரிதான். ஆனால் வாசிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம். 'ஸ்டியரிங் பிடித்த கையில் இசை' என்று இவர் எழுதினார். நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

முடிந்த வீடியோவை மூவரும் பார்த்தோம். டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுக்கிறார். சத்தம் தேனாக வழிகிறது.

"அக்கா, இது நீ வாசிச்சதாச்சே!"

"தெரியும்டி. பேசாம இரு" என்றாள். ஆளில்லாத அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "போட்டுடுங்க மாப்பிள்ளை."

போட்டார். போன் ஓயவில்லை. இரண்டே வாரத்தில் எல்லா அறையிலும் ஆள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் காப்பி கேட்பதைக்கூட வாசகமாகவே கேட்டார்.

அப்போதுதான் டிரைவர் அண்ணன், வகுப்பு இல்லாத ஒரு நாளில் வந்து, வயலின் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார்.

"பள்ளிக்கூடத்து வயலின். எடுத்துக்குங்க. நான் நின்னுக்கிறேன்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "என்னாச்சு?"

"டிப்போவுல எல்லாரும் கை குடுத்தாங்க டீச்சர். அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். வீட்டுலதான் முடியல. முன்னெல்லாம் நான் வயலினை எடுத்தா, 'பூனையை ஏங்க மிதிக்கிறீங்க'ன்னு என் சம்சாரம் கேலி பண்ணுவா. ரெண்டு பேரும் சிரிப்போம். இப்ப எதிர்ல வந்து உக்காந்து கேக்கிறா. கேட்டுட்டு, 'அங்க அவ்வளவு நல்லா வாசிக்கிறீங்க, எனக்குன்னா மட்டும் ஏனோதானோவா?'ங்கிறா. அது நான் இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. பேச்சும் நின்னுபோச்சு."

"கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க" என்று பக்கத்தில் நின்ற இவர் இழுத்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அக்கா டிரைவர் அண்ணன் திருப்பித் தந்த வயலினையும் தன் வயலினையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். டிரைவர் அண்ணனின் மனைவி நாற்காலி போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். அக்கா உட்காரவில்லை. தன் வயலினை எடுத்து, வீடியோவில் வந்த அதே பகுதியை வாசித்தாள்.

"அது நான்மா. உங்க வீட்டுக்காரருக்கு இப்படி வாசிக்க வராது. உங்களுக்கு வாசிச்சாரே, அதுதான் அவரால முடிஞ்சது. உங்ககிட்ட அவர் எதையும் குறைக்கல."

அந்தம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க..." என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினாள்.

"இத்தனை நாளா இந்த மனுஷனுக்கு முகம் குடுத்துப் பேசல நான். உங்க பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேக்க என் வீடுதான் கெடச்சுதா?"

அக்கா தலை குனிந்துகொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. டிரைவர் அண்ணன்தான், "விடு, வந்து சொல்லிட்டாங்கல்ல" என்றார்.

"நம்மகிட்ட சொல்லிட்டாங்க. அதை நம்பிப் பிள்ளைங்களைச் சேத்தவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

மறுநாள் காலை அக்கா இவரிடம் வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டு, என் மேஜையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் பேசுகிறேன் என்றேன், விடவில்லை. முதல் ஆள் பாதியிலேயே வைத்துவிட்டார். அடுத்தவர் மரியாதையாகவே விலகிக்கொண்டார். பள்ளி கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது. அக்கா நிறுத்தவில்லை.

அடுத்து ஒரு பெண். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த டிரைவர் எத்தனை நாளா கத்துக்கிறார்?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமாவா! இன்னும் சரியா வரலையா?"

"வரலைங்க."

"அப்புறம் ஏன் வர்றார்?"

"தெரியலைங்க. வண்டியை விட்டு இறங்கினா நேரா இங்கதான் வருவார். நான் கேட்டதே இல்லை."

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் பிள்ளை இருந்திருக்கும்போல.

"என் பொண்ணை ரெண்டு எடத்துல வேணாம்னு சொல்லிட்டாங்க. கை வராதாம். அவளுக்கு வரவே இல்லைன்னாலும் நீங்க அனுப்பிட மாட்டீங்கல்ல?"

"மாட்டேம்மா. அனுப்ப மாட்டேன்."

"அப்ப நாளைக்கும் கூட்டிட்டு வரேன்."

இவர் அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்தார். நான் எட்டி அதை மூடினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.