செத்த கேப்டன் சூப்புக் குடித்த படம்

கடலுக்கடியில் ஒரு கண்ணாடி வீடு. அது விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்து கேப்டன் செத்துப்போனான். இடைவேளை முடிந்ததும் அதே கேப்டன் அதே வீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து சூப்புக் குடித்தான். விஞ்ஞானப் படமாயிற்றே, செத்தவனைப் பிழைக்கவைக்க மாட்டார்களா என்று கொட்டகையே கைதட்டியது. தட்சிணாமூர்த்திக்கு அப்போது இருபது வயது. கடலூரில் பார்த்த அந்த இங்கிலீஷ் படத்தை அவர் மறந்ததே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதையே செல்போனில் போட்டுப் பார்த்தார். கேப்டன் முதலில் சூப்புக் குடித்தான், அப்புறம் செத்தான். கடைசிவரை எழுந்து வரவேயில்லை. இதென்னடா கூத்து என்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். அப்போதும் அப்படியேதான். மண்டை காய்ந்துவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் சீ போ என்று விட்டிருப்பார். அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். போன வியாழக்கிழமை முதுநகரில் இறக்கவேண்டிய இரண்டு பிள்ளைகளை இறக்காமலே சிப்காட் வரை போய்விட்டார். அதுகள் அழுத பிறகுதான் சுரணை வந்தது. ஓட்டியது போதும் என்று மனைவி மங்கலம் மூன்று நாளாக நச்சரிக்கிறாள். தன் மூளைக்கு ஒரு கேடும் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான், நன்றாக நினைவிருந்த படமாகத் தேடி எடுத்தார். அதுவும் காலை வாரிவிட்டது.

மங்கலத்தின் அண்ணன் பழனிவேல் சிதம்பரத்தில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். போனில் கேட்டால் மங்கலம் காதில் விழுமே! பரங்கிப்பேட்டையில் வேலை என்று புளுகிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினார்.

பழனிவேல் நிதானமாகச் சொன்னார். அப்போதெல்லாம் இரண்டு ஊருக்கும் ஒரே பிரிண்ட். சிதம்பரத்தில் ஓடி முடிந்த ரீலை டப்பாவில் போட்டு, நம்பர் எழுதி, கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஒருநாள் அவசரத்தில் பழனிவேலே இரண்டு ரீல்களை டப்பா மாற்றிப் போட்டுவிட்டார். கடலூர்க்காரர்கள் நம்பரைப் பார்த்து மாட்டிவிட்டார்கள். அந்த ஆட்டம் பார்த்தவர்களுக்கு மட்டும் செத்தவன் பிழைத்துவிட்டான்.

தட்சிணாமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். நான் பாத்தத அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன்.”

பழனிவேல் சிரிக்கவில்லை.

“போன மாசமும் வந்தீங்க மாப்ள. இதே சேர்லதான் உக்காந்தீங்க. இதையேதான் கேட்டீங்க, நானும் இதையேதான் சொன்னேன்.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. போன மாதம் எந்தக் கிழமை, எதில் வந்தோம் என்று யோசித்தார். ஒன்றுமே வரவில்லை. அன்று வந்த வழிகூட நினைவில்லை.

“மங்கலத்துக்குத் தெரியுமா?”

சாதாரண மறதி என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதாகப் பழனிவேல் சொன்னார்.

தட்சிணாமூர்த்தி எழுந்து வேன் சாவியை அவர் கையில் வைத்தார்.

“வண்டி இங்கியே நிக்கட்டும். காலையில புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும், ஸ்கூலுக்குப் போன் போட்டு வேற டிரைவர இங்க அனுப்பச் சொல்லிடுங்க. என்னை பஸ் ஏத்தி வுடுங்க.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“மங்கலத்துக்கு நீங்களே இப்ப போன் போட்டுச் சொல்லிடுங்க மச்சான். நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, எனக்கு ஒண்ணும் இல்லன்னு மறுபடியும் நெனச்சுக்குவேன்.”