மார் கொடுத்தவன் பேர்

கார்த்தியாயினிக்கு அந்தப் பெயர் நாடாவில் ஏற வேண்டும். வேறு ஆசை கிடையாது. மகன் சதானந்தன் துபாயிலிருந்து டேப் ரிக்கார்டரோடு வந்திருக்கிறான். நாளைக் காலை உதியன்குளங்கரையில் பஸ் ஏறிவிடுவான். அப்பாவைப் பார்த்த நினைவே அவனுக்கு இல்லை. ஒரு போட்டோவாவது உண்டா? அதுவும் இல்லை. மடை உடைந்த மழையில், நிலத்துக்கு உடையவனான ஜன்மியின் வயலைக் காக்கக் குறுக்கே நின்று, சேற்றோடு போன மனுஷன். பெண்கள் நடவுக்குப் பாடும் பாட்டில் அவனுக்கு ஓர் அடி உண்டு, அவ்வளவுதான். அந்த வயலிலும் இப்போது மண்ணடித்துக் கல்ஃப்காரன் ஒருத்தன் வீடு கட்டிவிட்டான். இனி யார் நடுவார்கள், யார் பாடுவார்கள்!

அது தனியாகப் பாடுகிற பாட்டுமல்ல. ஒருத்தி கேட்க வேண்டும், இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவள் கார்த்தியாயினி. பதில் சொல்கிறவள் அடுத்த வீட்டு ஆனந்தபாய். இரண்டையும் தானே பாடித் தொலைக்கலாம் என்றால், பதிலில் வருவது கட்டியவன் பெயராயிற்றே! கல்யாணம் ஆன நாள் முதல் அவள் வாயில் அது வந்ததில்லை.

ஆனந்தபாயோடு பேச்சு முறிந்தது, ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குச் சர்க்கார் பத்து சென்ட் வீதம் அளந்து கொடுத்தபோது. ஆனந்தபாய் நட்ட பலாமரம், அளவில் கார்த்தியாயினி பக்கம் விழுந்தது. இவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவள் மறக்கவில்லை. அடுத்தவன் சேற்றில் ஒன்றாய்க் குனிந்து நின்ற காலத்தில் இல்லாத வேலி, சொந்த மண் வந்ததும் முளைத்துவிட்டது. என்ன கொடுமை பாருங்கள்!

இன்று காலையில் சதானந்தன் போய்க் கேட்டுப் பார்த்தான்.

"எனக்குத் தொண்டை இல்ல மக்கா. ஒனக்க அம்மைய பிலாவுக்க கூடப் பாடச் சொல்லு" என்று ஆனந்தபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தியில் கார்த்தியாயினி வேலியைப் பார்த்து முற்றத்தில் உட்கார்ந்தாள். "அமுக்குலே மக்கா" என்றாள். நாடா சுழன்றது.

"மடை ஒடைஞ்ச மழையிலே மார் கொடுத்த ஆளாரு?"

வேலிக்கு அந்தப் பக்கம் முறம் புடைக்கிற சத்தம் நின்றுபோனது. மறுபடி கேட்டாள். பாவமானால் ஆகட்டும், நானே சொல்கிறேன் என்று வாயைத் திறந்தாள்.

"சு..."

"எட்டி! கெட்டினவனுக்க பேர நீயா சொல்லுவே? வாயப் பொத்து. நான் வாறேன்!"

வேலிக் கம்பு முறிந்தது. சேலையில் முள்ளும் சருகுமாக, மூச்சு வாங்க, ஆனந்தபாய் வந்து நின்று பாடினாள்.

"சுந்தரனாக்கும் மார் கொடுத்தான்,
சேறாய்ப் போனான், நெல்லு நின்னுது."

கார்த்தியாயினி விம்மி விம்மி அழுதாள். ஆனந்தபாய் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மூன்று பேருமாக நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வெறும் இரைச்சல், ஒரு வசவு, கம்பு முறிகிற சத்தம்.

"இத மாய்ச்சிட்டு இன்னொருக்கப் பாடுங்கம்மா, நல்லா வரும்" என்று பதிந்ததை அழிக்கப் போனான் சதானந்தன்.

"மாய்க்காதே மக்கா" என்றாள் கார்த்தியாயினி. "அவ வேலி சாடி வந்த சத்தமாக்கும் அது."