ஒரே அடுப்பு

2025 ஜூலை 12, சனி

பிளாரன்ஸின் மீன் சட்டியைக் கெடுத்துவிட்டேன். உடைக்கவில்லை, சோப்புப் போட்டுக் கழுவினேன். மண்சட்டி சோப்பைக் குடித்துவிடும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வரும் வெண்கலமும்தான். மாப்பிள்ளையூரணியில் இந்த மாடி அறையின் குழாயில் வரும் உப்புத் தண்ணீரில் நுரையே எழாது. நுரை வரவில்லையே என்று நேற்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என ஊற்றினேன். போதாதென்று விடியும்வரை ஊறவும் வைத்தேன். எதையும் முறையாகச் செய்கிறேன் என்ற நினைப்பில்தான் என் தவறுகளெல்லாம் நடக்கின்றன.

இந்த மாடி அறைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மாலைக் கல்லூரியில் பிளாரன்ஸும் நானும் ஒரே பெஞ்சு. பகலில் அவள் செல்போன் கடைக்குப் போகிறாள். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்கு விவரங்களைத் தட்டச்சு செய்கிறேன். சிலிண்டர் மாற்றவும், லாரித் தண்ணீர் வந்தால் குடத்தோடு கீழே ஓடவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். அடுப்பு ஒன்றுதான். காலையில் முதலில் நான் சமைப்பேன், பிறகு அவள். துடைப்பதற்கு மட்டும் இரண்டு துணி. இந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதேயில்லை. அது தானாக நடந்தது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

இன்று காலை அவள் சாளை மீன் வாங்கி வந்து குழம்பு கூட்டினாள். கொதி வந்ததும் வெள்ளையாகப் பொங்கியது. குனிந்து முகர்ந்தாள்.

"ஏளா பிரியா, இங்கன வா. என்னத்தப் போட்டுக் கழுவுன?"

சொன்னேன்.

"சட்டிய யாராவது சோப்பு போட்டுக் கழுவுவாவளா? மோந்து பாரு, எலுமிச்சம்பழ வாசத்துல மீன் கொதிக்கு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். "ஒனக்கு உதவியா இருக்கட்டும்னுதான் கழுவினேன்" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "வாசனையும் போகட்டும்னு" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு ஒங்கம்மா வாராவ. அதானே?"

கூட இருப்பவள் சைவம் என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அறை எடுத்த அன்று பயத்தில் வாயில் வந்தது. பிறகு மாற்ற முடியவில்லை. உண்மை தெரிந்தால் அம்மா என்னை ஆழ்வார்திருநகரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கிருந்து வேலைக்கு வந்து போகலாம். ஆனால் வகுப்பு முடியும் நேரத்துக்குப் பிறகு வீடு போய்ச் சேர்வதற்கு அப்பா சம்மதிக்கமாட்டார். படிப்பு நின்றுவிடும்.

பிளாரன்ஸ் குழம்பைக் கொட்டிவிட்டு வந்தாள். "நான் நாளைக்கு சித்தி வீட்டுக்குப் போயிருதேன். என் சாமானையும் கொண்டு போயிருதேன். ஒங்கம்மா வந்து நிம்மதியா பாக்கட்டும்." கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரித் தண்ணீர் வராது என்று சொல்வது போலச் சொன்னாள். மிளகாய்த்தூள் டப்பாவை ஒரு கட்டைப்பைக்குள் வைத்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மாதா படத்தையும் எடுத்தாள். அந்தப் படத்தை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் இத்தனை நாள் எப்படி நடந்துகொண்டேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

மதியம் முழுவதும் கணக்குப்பதிவியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தேன். சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கேட்கும் தூரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இங்க மீன் சமைப்பா. ஒரே அடுப்புதான்."

"யாரு?"

"கூட இருக்கற பிளாரன்ஸ். சைவம்னு நான் பொய் சொல்லிட்டேன்."

அம்மா பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"நீ சாப்பிடறியாடி?"

"இல்லைம்மா."

"உங்க அப்பாட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு சொல்றது?"

"எனக்கு இங்க இருக்கணும்மா. படிக்கணும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை திரையைப் பார்த்தேன்.

"நாளைக்கு வரேன். வந்து பார்த்துட்டுதான் சொல்லுவேன்" என்றாள் அம்மா. பிறகு, "அந்தப் பொண்ணு இருப்பாளோ?"

நான் பிளாரன்ஸைத் திரும்பிப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு, காற்றில் பறக்கும் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கிளிப்பை எடுத்தாள்.

"இருப்பேன்னு சொல்லு. காப்பிய மட்டும் நீ போட்டுரு. என் காப்பியக் குடிச்சாவன்னா, வந்த பஸ்ஸுலயே ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவாவ."

அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டாள். போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன். இருவருமாக மடித்தோம். தூரத்து உப்பளங்களில் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். மூடாத ஒன்று மட்டும் வெயில் போன பிறகும் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டைப்பை இன்னும் கதவருகில்தான் இருக்கிறது. அவள் அதைப் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை: எட்டரை மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாவை அழைத்து வர வேண்டும். போவதற்கு முன் மூன்று பேருக்கு அரிசி களைய வேண்டும்.