அம்மாவுக்குப் பக்கத்துக் குழி

மஞ்சக்குட்டையிலிருந்து வந்த ஜீப் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. அப்பாவின் சவப்பெட்டியை இறக்கி வைத்தார்கள். உள்ளே, அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் காலையிலேயே குழி வெட்டியாயிற்று. வாசல் கேட்தான் திறக்கவில்லை.

அப்பா ஆரோக்கியதாஸ் கத்தோலிக்கராகப் பிறந்தவர். மனைவி போனபின் ஏழு வருஷமாகப் பாஸ்டர் ஜெப்சனின் ஜெபவீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

"பங்குக் கோயில் பதிவேட்டுல பேரே இல்லீங்களே," என்றார் கோயில் உபதேசியார் டோமினிக். சாவி அவர் கையில். "ஃபாதரைப் போன்ல கேட்டேனுங்க. நம்ம முறைப்படின்னா அடக்கம் பண்ணலாம்னுட்டாரு. ஜெபமாலை, மெழுகுவத்தி, தீர்த்தம்."

"அதையெல்லாம் அவரு விட்டுட்டாருங்க. எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லமாட்டாருன்னு மாட்டிவிடுவீங்களா?" என்றார் பாஸ்டர்.

"உங்க சபைக்குக் கல்லறை இருந்தா அங்க கொண்டுபோங்களேன்!" மரியா அத்தை சீறினாள். "எங்கண்ணன் எங்கண்ணி பக்கத்துலதான் படுக்கோணும்."

மகள் ஸ்டெஃபிக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்தே எதுவும் வரவில்லை. பெட்டிமேல் பனித்துளி கோத்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்று வரை எண்ணினாள்.

கையில் அப்பாவின் பைபிள். பழைய பஸ் டிக்கெட் ஒன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் செருகியிருந்தது. நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று சபை அடித்துக்கொண்ட இடம். கிறிஸ்துவையே கூறுபோட்டுவிட்டீர்களா என்று பவுல் கேட்கும் வரியில் பென்சில் கோடு.

அதை உபதேசியாரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டுப் பாஸ்டரிடம் கொடுத்தார்.

"இதை வெச்சு நானே பிரசங்கம் பண்ணிருக்கேன்," என்றார் பாஸ்டர், தாழ்ந்த குரலில்.

"யாரைச் சொன்னீங்க? எங்களைத்தானே?" என்றாள் அத்தை. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"இயேசு சொல்லிக்குடுத்த ஜெபம் மட்டும் போதுங்க," என்றாள் ஸ்டெஃபி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அது ரெண்டு பக்கமும் தெரியும். வேறெதும் வேண்டாம்."

உபதேசியார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபாதருக்கு நான் பதில் சொல்லிக்கறேன் கண்ணு," என்று கேட்டைத் திறந்தார்.

குழியருகே எல்லோரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். கோயில்காரர்கள் விண்ணகம் என்றார்கள், ஜெபவீட்டார் பரலோகம் என்றார்கள். தந்தையும் பிதாவும் மோதிக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் முதலில் முடித்து ஆமென் சொன்னார்கள். ஜெபவீட்டார் ராஜ்யமும் வல்லமையும் என்று நீட்டிக்கொண்டு போனார்கள்.

உபதேசியார் கையில் மண் இருந்தது. போடவில்லை. அத்தையும் போடவில்லை. நின்றார்கள்.

இரண்டாவது ஆமென் வந்தபின் மண் விழுந்தது. ஸ்டெஃபியும் ஒரு பிடி போட்டாள். ஈரமண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை.