இயலாதது அல்ல

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வயரை நுழைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அதன் முனை திரைச்சீலையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. மழை விட்டிருந்தது. ஆனாலும் கூரை விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் குறிபார்த்து அவன் பிடரியில் விழுந்தது. உள்ளே கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த மாமியார் கையை நீட்டித் திரையை விலக்கிவிட்டார். அந்த ஒரு வேலைக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க விடுங்க அத்தை. நான் பாத்துக்கறேன்."

"வெளிய நின்னுக்கிட்டு... உள்ள எப்படிப் பாப்பீங்க?"

நேற்று மாலைக் காற்றில் தெருமுனைக் கம்பம் சாய்ந்தபோது போன மின்சாரம் இன்னும் வரவில்லை. நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின் கட்டிலோரம் சத்தமில்லாமல் நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டு சிலிண்டர்களில் பெரியது விடிவதற்குள் தீர்ந்துபோனது. சின்னதில் இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம்.

ஆஸ்பத்திரிப் பேச்சை அவன் எடுக்கவில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, இனி செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னபோது, அப்படியானால் என் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அத்தை தெளிவாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தார். டாக்டர் நீட்டிய தாளில் இருந்த ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மிச்சமிருந்தது வண்டிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அந்த மின்சாரக் காரை வாங்கி வந்தபோது, அது வாசலில் வந்து நின்றதே தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, அத்தை அதற்கு வாயில்லாப்பூச்சி என்று பேர் வைத்தார். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் வெட்டுகிறவனுக்கு அந்த வண்டிமேல் சின்னப்பிள்ளைத்தனமான ஆசை இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்குப் புது மென்பொருள் வந்து இறங்கும். நேற்றுவரை தெரியாத ஒன்று வண்டிக்கு இன்று தெரிந்திருக்கும். ஒருமுறை இருக்கையைச் சூடாக்கக் கற்றுக்கொண்டது. ஒருமுறை, மேலே பறக்கும் காக்கை பார்ப்பதுபோலத் தன்னையே திரையில் காட்டக் கற்றுக்கொண்டது. இன்னொருமுறை சதுரங்கம் ஆட வந்துவிட்டது.

"வாங்கும்போது இல்லாத வசதியெல்லாம் வாங்கினப்புறம் ஒண்ணொண்ணா வருது. நம்ம மாப்பிள்ளை மாதிரி" என்று அத்தை மகளிடம் சொல்வார். கல்யாணமான புதிதில் அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. இப்போது அந்த வீட்டுச் சமையலில் பாதி அவனுடையது.

ஒவ்வொரு முறையும் புது வசதிகளை விளக்கித் தமிழில் ஒரு பக்கம் வரும். யாரும் எழுதியதல்ல, ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மொழிபெயர்த்தது என்பது படித்த உடனே தெரியும். அத்தை முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். முதல்முறை அவன் பெருமையாக அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டியபோது, அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனா கேட்டார். 'வசதிகளை பெறுங்கள்' என்று ப் இல்லாமல் பெற்றால் அந்த வசதி எப்படி விளங்கும் என்பது அவர் கட்சி. அன்றுமுதல் புதிது வரும்போதெல்லாம் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுப்பான். மறுநாள் அந்தத் தாள் அம்மை போட்டதுபோலத் திரும்பி வரும். இரண்டு தடவை அதைக் கம்பெனி விலாசத்துக்கே அனுப்பினார்கள். பதில் வரவில்லை. பிழைகள் தவறாமல் வந்தன.

கடைசியாக வந்ததை அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோது படித்தார். 'உங்கள் வாகனம் இனி வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் ஊட்ட முடியும்.' வாகனம் முடியும் என்று வராது, வாகனத்தால் முடியும் என்றுதான் வரவேண்டும் என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்லித் திருத்தினார். 'ஊட்ட' என்பதை அடித்து 'வழங்க' என்று எழுதினார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'வழங்க'வை அடித்துவிட்டு 'ஊட்ட' இருக்கட்டும் என்றார்.

அந்த வசதியை அவன் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்கென்று வாங்கிய பிளக் இன்னும் பெட்டியிலேயே இருந்தது. இப்போது அதைப் பிரித்து வண்டியின் சார்ஜ் துவாரத்தில் மாட்டி, வயரைச் செருகி, உள்ளே உட்கார்ந்து திரையில் அழுத்திவிட்டுக் காத்திருந்தான். சக்கரம்போல ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, திறந்திருந்த ஜன்னல் வழியாக மெஷின் ஒருமுறை கூவிவிட்டு உறுமத் தொடங்குவது கேட்டது.

அவன் உள்ளே ஓடினான். மெஷினோடு பொருத்தியிருந்த தண்ணீர்க் குடுவையில் குமிழிகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிலிண்டர் குழாயைக் கழற்றி மெஷின் குழாயை அத்தையின் மூக்கில் மாட்டினான். அத்தை கண்ணை மூடி நாலைந்து மூச்சு இழுத்தார்.

"ஊட்டுதே" என்றார்.

அப்போதுதான் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவள் நில அளவை செய்கிறவள். ஒரு எல்லைத் தகராறில் சாட்சி சொல்ல வேறு ஊர் நீதிமன்றத்துக்கு நேற்றுக் காலை போயிருந்தாள். அவள் தயங்கியபோது, நான் எங்கேயும் போய்விட மாட்டேன் என்று அத்தைதான் துரத்தி அனுப்பினார். இப்போது அவள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். வெள்ளத்தால் பாலத்தில் எந்த வண்டியையும் விடவில்லை. ஆட்களை மட்டும் வரிசையாக நடக்க விடுகிறார்கள். இந்தப் பக்கம் வந்தாலும் வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.

போனை ஸ்பீக்கரில் போட்டதால் அத்தையும் கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிவரச் சொன்னார். வழியெல்லாம் மரம் விழுந்துகிடந்தது. போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். சிலிண்டரில் அவ்வளவு இல்லை.

"நான் போகலை அத்தை" என்றான்.

போனில் ஆற்றுச் சத்தத்தை மீறி அவன் மனைவி குரலை உயர்த்தினாள்.

"நீங்க அம்மாவ விட்டு நகராதீங்க. நான் வந்துடறேன்."

"எப்படி வருவ?"

"பாதி தூரம் யாராவது ஏத்திக்குவாங்க. மீதிய நடக்கிறேன். பேட்டரி ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு, வச்சிடறேன்."

வண்டியின் பேட்டரியும் நிறைந்திருக்கவில்லை. திரையில் இருபத்தேழு சதவீதம் என்று காட்டியது. இருபதுக்கு இறங்கினால் வண்டி வெளியே மின்சாரம் தருவதைத் தானாக நிறுத்திக்கொள்ளும். மணிக்கு ஒன்றரை சதவீதம் குறைவதைப் பார்த்துவிட்டு மனத்துக்குள் கணக்குப் போட்டான். இப்போது மணி ஏழு. பதினொன்றரைவரை தாங்கும். அதற்குமேல் சின்னச் சிலிண்டரின் மிச்சம்.

மேசை இழுப்பறையிலிருந்து அத்தை திருத்திய தாளை எடுத்துப் படித்தான். கடைசிப் பத்தியில் அந்த வரி இருந்தது. 'குறைந்தபட்ச வரம்பை பயனர் மாற்ற இயலாதது அல்ல.' நடுவில் ஒரு சிவப்பு ப், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்று தடவை படித்தான். இயலாதது என்ற சொல்லைத் தாண்டி அவன் கண் போகவில்லை.

"என்ன அது?" என்று அத்தை கேட்டார். மறைக்க நினைத்தான். முடியவில்லை. மாற்ற முடியாது என்று போட்டிருக்கிறது என்றான்.

அத்தை கையை நீட்டினார். அவன் கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டான். அந்த லென்ஸும் அவன் வெட்டியதுதான். அத்தை தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. வேலைக்குப் போன காலத்தில் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"முடியாதுன்னு இல்ல மாப்பிள்ளை. முடியாதது இல்லன்னு போட்டிருக்கான். ரெண்டு இல்ல வந்தா..." மூச்சுக்கு நிறுத்தினார். "ஒரு ஆமா. மாத்தலாம். உள்ள எங்கயோ இருக்கும். தேடுங்க."

வண்டியில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து திறந்து மூடினான். சதுரங்கம் இருந்தது, இருக்கைச் சூடு இருந்தது. அவன் தேடியது மட்டும் சம்பந்தமே இல்லாத ஒரு தலைப்பின் கீழே, அதற்குள் இன்னொரு தலைப்பின் கீழே கிடந்தது. இருபது என்பதைப் பத்துக்குக் கொண்டுவர இடமிருந்தது. பத்தானால் எந்தச் சார்ஜ் நிலையத்துக்கும் போய்ச் சேர முடியாமல் போகலாம் என்று திரை எச்சரித்தது.

அவன் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். பத்துவரை விட்டால் சாயங்காலம்வரை மெஷின் ஓடும், ஆனால் அப்புறம் மனசு மாறினாலும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று மெதுவாகச் சொன்னான்.

"நான் எங்க போகப்போறேன்? அவ வர்ற வரைக்கும் ஓடணும். அவ்வளவுதான்."

போய் மாற்றிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு நேரம் நிதானமாகப் போனது. அத்தையின் தலையைச் சீவிவிட்டான். பாலில் நனைத்த ரொட்டி இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவதுக்குத் தலையை ஆட்டிவிட்டார். அணைந்துபோன ஃப்ரிட்ஜில் இருப்பது கெட்டுப்போகுமே, நீங்களாவது சாப்பிடுங்கள் என்றார். அவன் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அத்தை அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த நாளில் நீங்கள் பேசவே இல்லை, ஊமையோ என்று பயந்துபோனேன் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டன.

மத்தியானத்துக்குமேல் அத்தை பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒருமுறை கண் திறந்து, அவளுக்கு அழ வராது, கோபம்தான் வரும், நீங்கள் அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவன் சரி என்றான். அரைமணிக்கு ஒருமுறை வெளியே போய்த் திரையைப் பார்த்தான். பத்தொன்பது. பதினேழு. நின்றிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் மரக்கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் நடந்து வரும்போதெல்லாம் எழுந்து நின்றான்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பால் வண்டி ஒன்று பாதி வழியில் இறக்கிவிட்டதாம். முழங்கால்வரை சேறு. உள்ளே வந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அத்தை கண்ணைத் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கேஸ் என்னாச்சு?"

"தள்ளி வச்சிட்டாங்கம்மா."

"இதுக்கா போன..." என்றார் அத்தை. உதட்டோரம் கொஞ்சம் விரிந்தது.

அவன் சமையலறைக்குப் போய்விட்டான். அம்மாவும் மகளும் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்றும் தெரியவில்லை. பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அரைமணி கழித்து இரண்டு தம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தபோது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. அவன் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டான். பாதம் சில்லிட்டிருந்தது. ஜன்னலில் மஞ்சள் வெயில் வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். குடுவையில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. அவன் எழுந்து மெஷினை நிறுத்தப் போனான்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கடைசியில் அவளே எழுந்து, அம்மாவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மெஷினை அணைத்தாள். கிளை வெட்டும் சத்தம் அறைக்குள் வந்தது.

டாக்டருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். அவள் போன் செத்துக் கிடந்தது. அவனுடையதிலும் சார்ஜ் இல்லை. ஜன்னல் வழியாக வந்த வயரிலிருந்து மெஷினைப் பிடுங்கிப் போட மனசு வரவில்லை. வண்டிக்குப் போய் இரண்டையும் அங்கிருந்த சார்ஜ் வயரில் செருகிவிட்டு அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அவள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து வந்து உட்கார்ந்தாள். திரை பன்னிரண்டு என்று காட்டியது. போன்கள் கண்விழிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். நீதிமன்றத்துக்கென்று போட்டுக்கொண்டு போன, வார் வைத்த புதுச் செருப்பு. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, ரத்தம் சேற்றோடு காய்ந்திருந்தது. அப்போதுதான் தெரிந்ததுபோல அவள் அதையே பார்த்தாள்.

அவன் இறங்கிப்போய் டிக்கியிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தான். பஞ்சை மருந்தில் நனைத்து அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துத் துடைத்தான். எரிந்திருக்கும். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டரைப் பிரித்து ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான்.

அவள் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, இன்னொரு காலையும் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.