சனிக்கிழமை டிஸ்க்

எங்கள் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறோம். முட்டிக்குக் கீழே மிச்சமிருக்கும் காலை ஸ்கேனரால் சுற்றி அளந்து, அந்த அளவுக்கு உறை வார்ப்போம். சதை வற்ற வற்ற அளவு மாறும். பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் உறை எங்கே குத்துகிறது என்று தெரியும். நானூறு பேரின் அளவுகள் கம்ப்யூட்டரில் இருந்தன. முதலாளி என் கணவரின் அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் ‘மூத்தவர்’. அளவெடுப்பவர் என் கணவர். கம்ப்யூட்டர் என் பொறுப்பு, அதாவது எது கெட்டாலும் திட்டு எனக்கு.

பேக்கப் மூன்று விதம் என்று மூத்தவருக்கு விளக்கியபோது என் கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். தினமும் எல்லாவற்றையும் முழுசாக எடுக்கலாம். இல்லையென்றால் ஞாயிறன்று முழுசாக எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் ஞாயிற்றுக்குப் பிறகு மாறிய அத்தனையும் எடுக்கலாம். மூன்றாவது, ஞாயிறன்று முழுசாக எடுத்த பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எடுப்பது. இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் ஞாயிறு முதல் ஒவ்வொரு நாளின் டிஸ்க்கும் பத்திரமாக இருக்க வேண்டும். மூத்தவர் இடம் குறைவு என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மூன்றாவதே போதும் என்றார். ஏழு டிஸ்க்கிலும் கிழமையை எழுதி ஒட்டினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அன்றைய டிஸ்க்கை எடுத்து வைத்த ராத்திரியே எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் படுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் செத்துவிட்டது, வந்து டிஸ்க்கைப் போடு என்று ஆள் மேல் ஆள் போன் செய்தார்கள். போய் டிராயரைத் திறந்தால் சனிக்கிழமை டிஸ்க் மட்டும் இருந்தது.

“பழசெல்லாம் எதுக்கும்மா? கடைசியா எடுத்ததுல எல்லாம் இருக்கும்ல? மிச்சத்த அழிச்சு, மாப்பிள்ளைக்குப் படம் போட்டுக் குடுத்துட்டேன்” என்றார் மூத்தவர், ஏதோ எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்தவர் மாதிரி.

சனிக்கிழமை டிஸ்க்கில் இரண்டே பேர் இருந்தார்கள், அன்றைக்கு வந்தவர்கள். அவர் மருமகனிடம் போன டிஸ்க்குகளையும் வாங்கித் தோண்டிப் பார்த்தேன். சண்டைக் காட்சிகள்தான் வந்தன.

சாயங்காலம் எல்லோரையும் கூட்டி, நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று மூத்தவர் ஒரே போடாகப் போட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் ஸ்கேனரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு, நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள் என்றேன்.

“அண்ணன எப்படி விட்டுக்குடுக்கறது? நீ நம்ம ஆளு. பொறுத்துக்குவ.”

மறுநாள் காலை ரசீதுப் புத்தகத்திலிருந்து பட்டியல் எடுத்து, அந்த இரண்டு பேர் தவிர எல்லோரையும் போனில் கூப்பிடும் வேலையும் எனக்கே வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று என் கணவரே தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்: எங்கள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் உங்கள் அளவுகள் அழிந்துவிட்டன, தயவுசெய்து மறுபடி வரவும்.

முதலில் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர். அவருக்கு உறை சரியாக உட்கார எட்டு மாதமும் ஆறு தடவை அளவும் ஆனது. தாளில் இருந்ததை அப்படியே படித்தேன்.

“அந்த ஆள வேலைய விட்டு அனுப்பிட்டீங்களாம்மா?”

எதிர் மேசையில் என் கணவர் ஒருவரின் காலை அளந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“அவங்களே போயிட்டாங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்தேன். தாளையும் பட்டியலையும் என் கணவரின் மேசையில் போட்டுவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.