பாட்டால் வந்த தலைவலி

இரட்டை எஞ்சின் கொண்ட அந்தச் சின்ன விமானத்தின் துணை விமானியை எல்லோரும் குயில் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். வேறு யாரும் கொடுக்க முன்வரவில்லை.

அவர் குரல் லேசுப்பட்ட குரல் அல்ல. ஒருமுறை ஓடுதளத்து ஓரமாக நின்று மேல் ஸ்தாயியில் ஓர் இழுப்பு இழுத்தார். அபாயச் சங்கு என்று நினைத்துத் தீயணைப்பு வண்டி பாய்ந்து வந்து அவர்மேல் நுரையைப் பீய்ச்சியது. நுரைக்குள் நின்றபடியே சரணத்தையும் முடித்துவிட்டுத்தான் மனிதர் வெளியே வந்தார்.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு இப்போது பூட்டு. போட்டவர் விமானக் கம்பெனியின் முதலாளியம்மா. மலைகளைத் தாண்டிப் போய்வரும் பயணிகள் கொஞ்ச நாளாகத் தலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். சிலருக்குக் குமட்டல். கேட்டால், "முன்னாடி உக்காந்திருக்காரே, அவர் பாட ஆரம்பிச்சதும்தான் வருது" என்று ஒரே குரலில் சொன்னார்கள். முதலாளியம்மா எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவு செய்கிறவர் அல்ல. ஒரு பயணம் முழுக்கக் குயிலை வாயில் மிட்டாயோடு உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தார். அன்று ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? வர்ற வாரத்துலேர்ந்து நீங்க கீழ டிக்கெட் மேசையில உக்காருங்க" என்றார்.

குயிலுக்கு இடி விழுந்தாற்போல் ஆயிற்று. விமானத்தில் இருக்கையும் போய், பாட்டும் போய், பயணச்சீட்டு கிழித்துக்கொண்டு உட்காருவதா? சோகத்தில் ஒரு பாட்டு வந்தது. அதையும் விழுங்கினார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான் அவருடைய அக்கா மகன். அந்த விமானத்தின் தலைமை விமானி அவன்தான். பரிமாறியவள் குயிலின் மனைவி. அதே விமான நிலையத்துப் பட்டறையில் விமான ஹீட்டர்களைச் சோதித்துப் பழுது பார்க்கிறவள் என்பதால் ஊழியர்களுக்கு அவள் ஹீட்டரக்கா.

"மனசுல வெச்சுக்காதீங்க மாமா," என்றான் மருமகன். "நீங்க மிட்டாய் தின்னதுக்கு முந்தின தடவை எனக்கே கண்ணைச் சொருகிட்டு வந்துச்சு. நீங்க வேற தாலாட்டு மாதிரி இழுத்தீங்களா, மலைக்கு மேல ஒரு நிமிஷம் தூங்கியே போயிட்டேன்."

ஹீட்டரக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யார் பாட்டுக்கு? உங்க மாமா பாட்டுக்கா?"

"ஆமா அத்தை."

"டேய், இவர் தாலாட்டு பாடி எங்க பொண்ணு மூணு வயசு வரைக்கும் கண்ணே மூடல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தக் குரலை நான் கேக்குறேன். எரிச்சல் வரும், காது குடையும், வீட்டை விட்டு ஓடிடலாமான்னு இருக்கும். தலைவலி ஒரு நாளும் வந்ததில்ல. தூக்கம் வரவே வராது."

வாழ்நாளில் இப்படியொரு பாராட்டைக் குயில் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, அழறத அப்புறம் வெச்சுக்கலாம். மேல போனதும் எப்பப் பாட ஆரம்பிப்பீங்க?"

"குளிர்ல எனக்குத் தொண்டை எங்க தெறக்குது? ஹீட்டரைப் போட்டு, கழுத்துல கொஞ்சம் சூடு பட்டாத்தான் முதல் அடியே வரும்."

"மிட்டாய் தின்னுட்டுப் போனீங்களே, அன்னைக்கு?"

"அன்னைக்கு நல்ல வெயில் அத்தை," என்றான் மருமகன். "ஹீட்டரே போடல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கையிலிருந்த கவளம் தட்டுக்கே திரும்பியது.

அந்த விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு எஃகுக் குழாய்க்குள் பெட்ரோலை எரிக்கும். குழாயைச் சுற்றி ஓடும் வெளிக்காற்று சூடாகிப் பயணிகளிடம் போகும். எரிந்த புகை வேறு வழியாக வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தக் குழாயின் சுவர் ஒன்றுதான். சுவரில் விரிசல் விட்டால் விஷவாயு நேராகப் பயணிகளின் மூக்குக்கு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம், அப்புறம் விமானத்தை ஓட்ட ஆள் கிடையாது.

மறுநாள் காலையில் ஹீட்டர் கழற்றப்பட்டுப் பட்டறை மேசைக்கு வந்தது. முதலாளியம்மாவும் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"முறைப்படி சோதிக்க இன்னும் நாள் இருக்கே? ஃபிட்டர் டார்ச் அடிச்சுப் பார்த்து நல்லாருக்குன்னாரே!"

"விரிசல் என்ன, நாள் நட்சத்திரம் பார்த்தா வரும்?" என்றாள் ஹீட்டரக்கா. "டார்ச் அடிச்சா வெளி உறைதான் தெரியும். குழாய் உள்ள இருக்கு."

"வீட்டுக்காரரைக் காப்பாத்த ஹீட்டர் மேல பழியைப் போடுறீங்களோன்னு ஊர் பேசும்."

"அவரைக் காப்பாத்தவா? நல்லா இருக்கே கதை! அவர் வாயை மூடினதுக்கு உங்களுக்கு மாலை போடணும்னு இருந்தேன். நேத்து ராத்திரிதான் நான் நினைச்சது எனக்கே கேட்டுச்சு."

குயில் மருமகனோடு ஒரு ஓரமாக, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நகத்தைக் கடித்தபடி நின்றார்.

புகை வெளியேறும் வாய், காற்று நுழையும் வாய், கசிவு வடியும் துளை என்று குழாயின் எல்லா வழிகளையும் ஹீட்டரக்கா அடைத்தாள். ஒரு வழியில் மட்டும் பம்பை மாட்டி உள்ளே காற்றை ஏற்றி அடைத்தாள். அழுத்தமானியின் முள் மேலே ஏறியது. நல்ல குழாயாக இருந்தால் முள் அடம்பிடித்து அங்கேயே நின்று, பிறகு மனமில்லாமல் மெல்ல இறங்கவேண்டும். இதுவோ, மாமியார் உள்ளே நுழைந்ததும் மருமகள் முகத்துச் சிரிப்பு இறங்குகிற வேகத்தில் இறங்கியது.

"உங்க அடைப்புதான் ஒழுகுது!" என்றார் ஃபிட்டர்.

"இருக்கலாம்" என்று சொல்லி, ஒவ்வோர் அடைப்பிலும் ரப்பர்க் குழாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, மறுபடி காற்றை ஏற்றினாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. ஃபிட்டர் தன் செருப்பைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

உறையைக் கழற்றினாள். எரிகுழாய் வெளியே வந்தது. மூன்றாவது முறை காற்றை ஏற்றினாள். அப்போது மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. பற்றவைத்த ஓரத்தில் சோப்புத் தூரிகை பட்டதும் மயிரிழை அளவு கோட்டிலிருந்து குமிழ்கள் புஸுபுஸுவென்று பூத்தன.

"பார்த்துக்குங்க," என்று விரிசலைக் காட்டினாள் ஹீட்டரக்கா. "இத்தனை நாளா மேல பாடிக்கிட்டிருந்தது இவர்தான்."

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. தூங்கிப்போன அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தோ என்னவோ, மருமகன் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். குயில் மட்டும் குனிந்து அந்த விரிசலின் சீழ்க்கையை உற்றுக்கேட்டார்.

"சுருதி சேரல" என்றார்.

புதுக் குழாய் வந்தது. காற்றை ஏற்றியதும் முள் சுவரில் அறைந்த ஆணியாக நின்றது. மிதமிஞ்சிச் சூடானால் ஹீட்டரைத் தானாக நிறுத்தும் சுவிட்சையும், பெட்ரோல் குழாயையும், புகைப்போக்கியையும் ஹீட்டரக்கா பார்த்துத் தீர்த்தாள். ஹீட்டரை விமானத்தில் மாட்டி, தரையிலேயே ஓடவிட்டும் பார்த்தாள். விஷவாயு பட்டால் கறுத்துப்போகும் புது அட்டை ஒன்றை விமானியின் கண்ணெதிரே ஒட்டினாள். முதலாளியம்மா குயிலிடம் வந்து, கைகூப்பாத குறையாக, "உங்க இருக்கை உங்களுக்குத்தான். பாடுங்க. நீங்க பாடித்தான் ஆகணும். ஜனங்க நம்பணும்ல?" என்றார்.

அடுத்த பயணத்தன்று மலைமேல் குளிர் எப்படி இருந்ததென்றால், எதிரே வந்த மேகம் ஒன்று விறைத்துப்போய் நகர முடியாமல் நின்றது. மருமகன் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஹீட்டர் ஓடியது. குயிலின் கழுத்தில் சூடு பட்டது. தொண்டை திறந்தது. போகும்போது ஆறு பாட்டு, வரும்போது ஏழு. விஷவாயு அட்டை ஒட்டியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. பின்னால் இருந்தவர்கள், முன்பு புகார் சொன்ன அதே ஆட்கள், கடைசிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள்.

தரையிறங்கியதும் முதலாளியம்மா படிக்கட்டின் கீழே நின்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். தலைவலி? இல்லை. குமட்டல்? இல்லை. தூக்கம்? எங்கே விட்டார்! முன்பு வாந்தியெடுத்த பள்ளிக்கூட வாத்தியார் கடைசியாக இறங்கினார்.

"தலை பளிங்கு மாதிரி இருக்கும்மா," என்றார். "முன்னாடியெல்லாம் ஒரே மப்பா இருக்கும், காதுலயே சரியா விழாது. இன்னைக்குத்தான் ஒரு வரி விடாம முழுசாக் கேட்டேன்." பெருமூச்சு விட்டார். "பழைய ஹீட்டரைத் தூக்கி எறிஞ்சிட்டீங்களா?"

விமானத்தின் வாசலில் குயில் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கூட்டம் கலைவதற்குள் முடித்துவிடலாம் என்று பதினாலாவது பாட்டைத் தொடங்கினார்.